பள்ளி முற்றத்தில் பல்லியம்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். கட்டுரைப் போட்டிதோறும் எழுதுகிறோம். ஆனால் நம் விருத்தாசலத்துச் சிறுவன் ஒருவன் ஓராண்டில் கேட்கும் இசையில் எத்தனை பங்கு அவன் கண்ணெதிரே மனிதர் கையாலும் மூச்சாலும் பிறக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் கோயில் ஒலிபெருக்கி, பேருந்தில் ஓட்டுநர் போடும் பாட்டு, வீட்டில் தொலைக்காட்சி, கையில் கைப்பேசி. பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாட்டு உண்டாகும் இடத்தைப் பார்ப்பதற்குத்தான் பஞ்சம். நெல்லைக் காணாமல் சோற்றை மட்டும் உண்டு வளரும் குழந்தையைப் போல, நரம்பையும் தோலையும் காணாமல் ஓசையை மட்டும் உண்டு வளர்கிறது இன்றைய இளந்தலைமுறை.

இக்குறையைப் போக்க உலகின் பல ஊர்களில் இளம் இசைக்கலைஞர்கள் தம் கருவிகளோடு குழந்தைகளை நாடிச் செல்கின்றனர். அம்முயற்சிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நடைபெறுகின்றன, பீங்கான் நகராகிய நம் ஊரில் அதனை நாம் எவ்வாறு செய்யலாம் என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லியம் என்னும் சொல்

'ஆர்கெஸ்ட்ரா' என்றால் நம் பக்கத்தில் மாசி மகத் திருவிழாவில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவே நினைவுக்கு வரும். மேலைநாட்டார் அச்சொல்லால் குறிப்பது வேறு. வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள், மரக்குழல் கருவிகள், பித்தளைக் குழல் கருவிகள், தட்டுக் கருவிகள் என நான்கு பிரிவாக எண்பது, நூறு பேர் ஒருங்கே அமர்ந்து, ஒருவர் கையசைவைப் பார்த்து வாசிக்கும் பெருங்குழு அது.

இதற்கு ஈடான சொல் தமிழில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. பல இயங்கள், அதாவது பல கருவிகள், சேர்ந்தது பல்லியம். நெடும்பல்லியத்தனார் என்றொரு புலவர் பெயரே சங்க நூல்களில் காணப்படுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதனைத் தொடர்ந்து முழவும் ஒன்றையொன்று தழுவி ஒலித்த முறையை இளங்கோவடிகள் வரிசையாகக் காட்டுகிறார். ஒருவர் ஒலியை மற்றவர் கேட்டுத் தம் ஒலியை அதனோடு பொருத்துவதே சேர்ந்து வாசிப்பதன் உயிர் என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது அன்றோ!

பாணரும் விறலியரும் யாழையும் முழவையும் பையிலிட்டுச் சுமந்து ஊர் ஊராக நடந்தனர். கேட்பவர் வரட்டும் என்று அவர்கள் ஓரிடத்தில் காத்திருக்கவில்லை. கேட்பவர் இருக்கும் இடத்திற்கு இசையே நடந்து சென்றது. பள்ளிக்கூடத்திற்கு இசைக்கருவியைத் தூக்கிச் செல்லும் இளைஞனை நான் பாணர் மரபின் வழித்தோன்றல் என்றே கருதுகிறேன்.

1952இல் அகில இந்திய வானொலி டில்லியில் 'வாத்திய விருந்தா' என்னும் தேசிய இசைக்குழுவை அமைத்தது. பண்டித ரவிசங்கரும், தென்னிசைப் பகுதிக்கு டி.கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். நம் நாட்டுக் கருவிகளையும் பெருங்குழுவாக இசைக்கலாம் என்பதை அது நாடெங்கும் கேட்கச் செய்தது. ஆயினும் அதனை மக்கள் வானொலிப் பெட்டி வழியாகவே கேட்டனர். கருவியைக் காண வழியில்லை.

கோட்டைக்குள் கேட்ட ஓர் இசை

நேரில் கேட்பதனால் என்ன பெரிய மாற்றம் விளைந்துவிடும் என்று சிலர் வினவலாம். நம் இசை வரலாறே அதற்கு விடை கூறும்.

முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பம் சென்னைக்கு அருகில் மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தது. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசித்த ஆங்கிலேயரின் பாண்டு இசையை இளைஞரான தீட்சிதரும் அவர் தம்பியரும் நேரில் கேட்டதாக இசை வரலாற்றாளர் கூறுவர். அம்மெட்டுகள் சிலவற்றிற்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழிச் சொற்களைப் பொருத்தினார்; அவை 'நோட்டுசுவர சாகித்தியங்கள்' எனப்படுகின்றன. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனை நம் இசைக்கு ஏற்பப் பழக்கினார். இன்று பக்கவாத்தியமாக வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. ஓர் அயல்நாட்டுக் கருவி நம் வீட்டுப் பிள்ளையாக மாறியதற்கு, ஓர் இளைஞன் அதனை அருகிருந்து கேட்டதே முதற்படி.

சிந்தித்துப் பாருங்கள். அக்கோட்டைக்குள் அன்று நுழைய முடிந்தவர் எத்தனை பேர்? நுழைய முடியாது வெளியே நின்ற பிள்ளைகளுள் எத்தனை பாலுசுவாமிகள் இருந்தனரோ! பள்ளிக்கு இசை செல்ல வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது அந்த வெளியே நின்ற பிள்ளைகளுக்காகவே.

பிற நாடுகளில்

குழந்தைக்குப் பெருங்குழுவின் கருவிகளை அறிமுகம் செய்ய வேண்டும் என்றே 1936இல் மாஸ்கோவில் ஓர் இசைக்கதை பிறந்தது. ருஷ்ய இசையமைப்பாளர் புரோகோபீவ் இயற்றிய 'பீட்டரும் ஓநாயும்' என்பது அது. கதையில் வரும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கருவி. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், முணுமுணுக்கும் தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், சிறுவன் பீட்டருக்கு வயலின் குடும்பம் முழுவதும். கதை சொல்பவர் முதலில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து காட்டுவார். பிறகு கதை நகர நகர, கண்ணை மூடிக்கொண்டாலும் இப்போது வருவது பூனை, இப்போது வருவது ஓநாய் என்று குழந்தை கண்டுகொள்ளும். இலக்கணம் சொல்லாமலே செவி பழகிவிடுகிறது.

அமெரிக்காவில் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இசைநடத்துநர் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு 1958 முதல் 1972 வரை சிறுவர்க்கென 53 நிகழ்ச்சிகள் நடத்தினார். அவை தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. முதல் நிகழ்ச்சியில் அவர் எடுத்துக்கொண்ட வினா, இசைக்குப் பொருள் என்ன என்பதாகும். சிறுவர்தாமே என்று எளிய பாட்டுகளை வாசித்துவிட்டுப் போகாமல், அறிஞரும் தயங்கும் வினாவை அவர்கள் முன் வைத்து, குழுவை வாசிக்கச் செய்து, அவர்களோடு சேர்ந்து விடை தேடினார். குழந்தையின் அறிவை மதித்தல் என்பது இதுதான்.

மூன்றாவது முயற்சி நம்மைப் போன்ற வளரும் நாட்டில் பிறந்தது. தென்னமெரிக்காவில் வெனிசுலா நாட்டின் தலைநகர் கராகசில், பொருளியல் கற்ற இசைவாணர் ஒசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் கார் நிறுத்தும் நிலவறை ஒன்றில் பதினொரு இளைஞரைக் கொண்டு தொடங்கியது 'எல் சிஸ்டமா'. ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கொடுத்துத் தொடக்கத்திலிருந்தே குழுவாக அமர்த்தி வாசிக்கச் செய்வது அதன் முறை. பின்னர் அது பல்லாயிரக்கணக்கான குழந்தைகளை எட்டியது. உலகப் புகழ்பெற்ற இசைநடத்துநர் குஸ்தாவோ டுடமெல் அதில் வளர்ந்தவரே. அம்முறையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நான்கு பாடம் முன்னே கற்ற மாணவன் பின்னே வரும் சிறுவனுக்குக் கற்றுத் தருவான். பெரிய வித்துவான் ஒருவர் முன் கைகட்டி நிற்கும் குழந்தை கேட்கக் கூசும் ஐயத்தை, அண்ணன் போன்ற இளைஞனிடம் தயங்காமல் கேட்கும். இளம் கலைஞர்களே இப்பணிக்கு ஏற்றவர் என்பதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்துறையில் முன்னோடி 'ஸ்பிக் மேகே' என்னும் இயக்கம். டில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றிய கிரண் சேத் 1977இல் இதனைத் தொடங்கினார். அமெரிக்காவில் படித்த காலத்தில் டாகர் சகோதரர்களின் துருபத் இசையை நேரில் கேட்டது அவர் உள்ளத்தில் இவ்விதையை ஊன்றியது. முதுபெரும் கலைஞர்களைப் பள்ளி, கல்லூரிகளுக்கு அழைத்துச் சென்று, மாணவர் தரையில் அமர்ந்து கேட்க, பாடியும் விளக்கியும் காட்டச் செய்வது இதன் முறை. நுழைவுக் கட்டணம் இல்லை. நிகழ்ச்சிகளை நடத்துவோரும் பெரும்பாலும் மாணவத் தொண்டர்களே. அப்பேராசிரியர் 2022இல் தம் எழுபத்து மூன்றாம் வயதில் காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டு, வழியெங்கும் மாணவரைச் சந்தித்தார் என்றால் அவர்தம் ஊக்கத்தை என்னென்பது!

சென்னையில் 1985இல் இளம் கருநாடக இசைக்கலைஞர்கள் தாமே கூடி, இளைஞரிடையே செவ்விசையைப் பரப்ப 'ஒய்.ஏ.சி.எம்.' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் பலர் அதில் இளமையில் தொண்டு செய்தவர்களே. 2008இல் டி.எம். கிருஷ்ணா, பம்பாய் ஜெயஸ்ரீ ஆகியோர் முயற்சியால் 'சுவானுபவா' என்னும் மாணவர் இசைவிழா தோன்றியது. அதே ஆண்டில் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் நிறுவிய இசைக்கல்லூரியின் சார்பில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேலைநாட்டுக் கருவிகளைப் பயிற்றி 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' என்ற குழு உருவாக்கப்பட்டது. இமயத்தின் அடிவாரத்தில் கலிம்போங்கில் 1993இல் பாதிரியார் எட்வர்ட் மக்குவயர் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் ஏழைக் குழந்தைகள் பாடத்தோடு பாடமாக வயலினும் கற்றனர். வயலின் செல்வர் வீட்டுப் பொருள் என்ற எண்ணத்தை இவ்விரு முயற்சிகளும் தகர்த்தெறிந்தன.

இவையெல்லாம் டில்லியிலும் சென்னையிலும் மலைநாட்டிலும் நிகழ்ந்தவை. மணிமுத்தாற்றங்கரைக்கு இவற்றால் என்ன பயன் என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. இனி நம் ஊருக்கு வருவோம்.

கிண்ணமும் பாடும்

விருத்தாசலம் என்றதும் வெளியூரார்க்கு நினைவு வருவன இரண்டு: பழமலைநாதர் கோயில், பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊர் இது. அகல் விளக்கும், கொலு பொம்மையும், பியூஸ் கேரியரும் செய்யும் கைகள் நம்மைச் சுற்றி உள்ளன. சூளையிலிருந்து எடுத்த கிண்ணத்தை அறிந்தவர் விரலால் சுண்டிப் பார்ப்பர். 'கணீர்' என்றால் நன்கு வெந்தது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே செவிப்பயிற்சி நம் ஊருக்குப் புதியதன்று. நம் தொழிலே காதால் சோதிக்கும் தொழில்.

இதே பீங்கான் கிண்ணம்தான் ஜலதரங்கம் என்னும் இசைக்கருவி. பல அளவுள்ள கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, அளவறிந்து நீர் ஊற்றி, இரு மெல்லிய குச்சிகளால் விளிம்பைத் தட்டி வாசிப்பர். கலைமாமணி சீதா துரைசுவாமி (1926–2013) இக்கருவியில் பெயர்பெற்று விளங்கினார். இன்று இதனை வாசிப்போர் மிகச் சிலரே.

இதன் இயற்பியல் எளிது. கிண்ணத்தைத் தட்டும்போது அதன் சுவர் உட்புறமும் வெளிப்புறமும் மாறி மாறி மிக நுட்பமாக வளைந்து அதிர்கிறது. நீர் ஊற்றினால் அச்சுவர் தன்னோடு நீரையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது. சுமை கூடவே அதிர்வெண் குறைகிறது, சுருதி இறங்குகிறது. சுவர் மிகுதியாக அசைவது விளிம்பருகில் என்பதால், அடியில் ஊற்றும் நீர் சுருதியைச் சிறிதே மாற்றும். விளிம்பை நெருங்க நெருங்க ஒரு கரண்டி நீரும் பெரிய மாற்றம் செய்யும். இதற்கு நேர்மாறானது சீசாவின் வாயில் ஊதும் ஒலி. அங்கே அதிர்வது சீசாவுக்குள் உள்ள காற்று. நீர் ஏற ஏறக் காற்றுப் பகுதி சுருங்கிச் சுருதி உயரும். தட்டினால் இறங்கும், ஊதினால் ஏறும் என்னும் இப்புதிரை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன் செய்து காட்டிப் பாருங்கள். 'ஏன்?' என்ற வினா தானே எழும். அறிவியல் வகுப்பும் இசை வகுப்பும் ஒரே கிண்ணத்தில் அடங்கிவிடும்.

ஆறு கிண்ணங்கள் போதும். ச, ரி, க, ப, த, மேல் ச என்று சேர்த்துவிட்டால் மோகன இராகம் வந்துவிடும். பழந்தமிழிசையில் முல்லைத் தீம்பாணி என்று போற்றப்படுவது அதுவே. மெருகில் புள்ளி விழுந்ததென்று ஒதுக்கப்படும் கிண்ணமும் இதற்கு உதவும். விரிசல் மட்டும் இருத்தலாகாது.

ஒரு முகாமில் கண்டது

மேலே கூறியதை நாங்கள் செய்து பார்த்தோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமின்போது, நம் ஊரை அடுத்த ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் ஒரு பிற்பகல் எங்களுக்குக் கிடைத்தது. நான் ஆறு கிண்ணங்களைக் கொண்டு சென்றேன். வயலின் பயிலும் தோழி ஒருவர் தம் கருவியோடு வந்தார். மூன்றாமவர் என் வகுப்புத் தோழர். அவர் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மூன்றாண்டுகளாக உடன் படித்த எங்களுக்கே அந்த முகாமில்தான் தெரிந்தது. முகூர்த்த நாட்களில் விடிய விடிய வாசித்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவாராம். அதனை ஒருவரிடமும் அவர் சொல்லிக்கொண்டதில்லை.

ஒலிபெருக்கி இல்லை. வேப்பமரத்தடியில் பாய் விரித்து அமர்ந்தோம். முதலில் நான் கிண்ணங்களைத் தட்டினேன், பிள்ளைகள் சிரித்தனர். தோழி வயலினில் அதே சுவரங்களை வாசிக்கச் சிரிப்பு அடங்கியது. தவில் முழங்கியதும் பக்கத்து வகுப்பும் வெளியே வந்துவிட்டது. வாசித்து முடித்தபின் எங்களை அவர்கள் விடவில்லை. வயலின் வில்லில் இருப்பது என்ன நூல் என்று ஒரு சிறுமி கேட்டாள். குதிரை வால்மயிர் என்று சொன்னதும் ஒரே ஆரவாரம். தவிலுக்கு விரலில் மாட்டும் கூட்டைக் கழற்றிக் காட்டும்படி சிறுவர் வேண்டினர். அவர் கழற்றினார். காய்த்துப் போன அவ்விரல்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தனர். எங்கள் கல்லூரியில் நாங்கள் எவரும் அவ்விரல்களைப் பார்த்ததில்லை.

பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தாகூட இத வாசிப்பாரு அண்ணா. இப்ப பரண்மேல கெடக்குது" என்றான். தோழர் அவனை அருகே அழைத்துக் குச்சியை அவன் கையில் கொடுத்தார். அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்று பரணிலிருந்த தவிலை இறக்கிப் பார்த்தோம். ஒருபுறத் தோல் கிழிந்திருந்தது. பலாமரக் கட்டையில் பழுதில்லை. "மூட்டு மாத்துனா பேசும் தம்பி" என்று அம்முதியவர் சொன்னார். தம் மகன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனபின் அதனை இறக்கவே இல்லை என்றும், இப்பேரனுக்கு இதில் விருப்பம் உண்டென்று இன்றுதான் தெரியும் என்றும் கூறினார். ஒரே கூரையின்கீழ் பரணில் தவில், திண்ணையில் வித்துவான், முற்றத்தில் பேரன். மூவரையும் சேர்த்து வைக்கப் பள்ளியில் ஒரு பிற்பகல் தேவைப்பட்டது.

இதனை நான் பெருமைக்காக எழுதவில்லை. ஒரு நாள் வாசிப்பால் எவரும் வித்துவானாகிவிட மாட்டார். ஆனால் நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பரண்களில் எத்தனை கருவிகள் கிடக்கின்றனவோ என்ற எண்ணம் அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

எவ்வாறு செய்யலாம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனவே செயல்முறையைச் சிறிது விளக்குகிறேன்.

முதலாவது, ஆட்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை சிதம்பரத்தில் உள்ளது. 1941இல் தமிழிசை மாநாடு கூடிய இடம் அது. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் அங்கே மூன்றாண்டுப் பாடங்கள். நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றிற்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேரலாம். ஏனையவற்றிற்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இவ்விரு நிலையங்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே உள்ளன. அங்குப் பயிலும் இளைஞரும், நம் கல்லூரியிலேயே மறைந்திருக்கும் கலைஞரும் சேர்ந்தால் நான்கைந்து பேர் கொண்ட பல்லியம் அமைந்துவிடும். பெருங்குழு தேவையில்லை, சிறு குழுவே வகுப்பறைக்கு ஏற்றது.

இரண்டாவது, பாடம். முக்கால் மணி நேரம் போதும். முதற்பத்து நிமிடம் கருவி எதனால் ஆனது என்று காட்ட வேண்டும். நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதன் சீவாளி நாணலில் செய்யப்படுகிறது. மிருதங்கம் பலாமரம், கடம் சுட்ட மண். மரமும் புல்லும் மண்ணும் தோலும் பிள்ளைகள் அறிந்த பொருள்களே. அடுத்து, சுருதி சேர்ப்பதைக் காட்ட வேண்டும். மேலைநாட்டுப் பெருங்குழுவில் ஓபோ ஒரு சுவரத்தை நீட்ட, நூறு பேரும் அதனோடு தம் கருவியைப் பொருத்துவர். நம் கச்சேரியில் தம்புராவும், மேளத்தில் ஒத்தும் அதே பணியைச் செய்கின்றன. வாசிப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்னும் இப்பாடம் இசைக்கு மட்டுமன்று, வாழ்வுக்கும் பொருந்தும். அதன்பின் ஒவ்வொரு கருவியும் தனியே, பிறகு சேர்ந்து. கடைசிக் கால் மணி பிள்ளைகளுடையது. அவர்கள் தொடட்டும், தட்டட்டும், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போடட்டும், வினவட்டும்.

மூன்றாவது, சில விதிகள். ஒலிபெருக்கி கூடாது. அது வந்தால் மேடை வரும். மேடை வந்தால் பொன்னாடை வரும். பொன்னாடை வந்தால் பிள்ளைகளுக்குரிய நேரம் போய்விடும். பறையும் வயலினும் ஒரே பாயில் அமர வேண்டும். எக்கருவியும் உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை என்று நாம் சொற்பொழிவாற்ற வேண்டியதில்லை. அருகருகே இருப்பதைக் குழந்தை பார்த்தாலே போதும். ஒரு முறையோடு நில்லாமல் அதே பள்ளிக்கு ஆண்டில் மூன்று முறையேனும் செல்ல வேண்டும். வாசிக்க வரும் இளைஞருக்குப் பேருந்துக் கட்டணமும் உணவும் கட்டாயம் தர வேண்டும். கலைஞன் காற்றை உண்டு வாழ்வதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் 'கலைத் திருவிழா' நடத்தப்பட்டு வருவதை நாம் அறிவோம். பல பிள்ளைகளுக்கு அது முதல் மேடையைத் தந்தது. அது போட்டி. போட்டியில் திறமை வெளிப்படும். ஆனால் திறமை முளைப்பதற்கு முன் ஒரு விதை விழ வேண்டும். பரிசில்லாத, மதிப்பெண்ணில்லாத, கேட்பதற்கென்றே அமைந்த ஒரு பிற்பகல் அவ்விதையை ஊன்றும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

முடிவுரை

இதனால் குழந்தைக்கு மட்டுமே நன்மை என்று எண்ண வேண்டா. விரல் காய்த்ததை மறைத்துக்கொண்டிருந்த என் தோழர், அப்பிற்பகலுக்குப் பின் கல்லூரி விடுதியில் மாலைதோறும் வாசிக்கிறார். நாங்கள் சுற்றி அமர்ந்து கேட்கிறோம். கற்றுக்கொடுக்கச் சென்றவன் தன் கலையின் மதிப்பைத் தானே கற்றுக்கொண்டு திரும்புகிறான்.

ஆகவே, நம் கல்லூரியின் நுண்கலை மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, வரும் கல்வியாண்டில் திங்களுக்கு ஒரு பள்ளி என்ற கணக்கில் இப்பணியைத் தொடங்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன். கருவி வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் கூச்சத்தை விட்டு முன்வர வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்க்கும் வேலை உண்டு: பாய் சுமக்கலாம், கிண்ணத்திற்கு நீர் ஊற்றலாம், பள்ளித் தலைமையாசிரியரிடம் சென்று ஒரு பிற்பகல் கேட்டு வாங்கி வரலாம்.

சூளையில் வெந்த மண்ணைச் சுண்டிப் பார்த்துத் தரம் அறியும் ஊர் நம்முடையது. நம் பிள்ளைகளின் உள்ளத்தையும் ஒருமுறை சுண்டிப் பார்ப்போம். அங்கே 'கணீர்' என்ற ஒலி எழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.